ஏழு நொடி

ஃபெரிஸாய் ரயில் நிலையத்திலிருந்து
தபால் வண்டி வியாழன் மாலைதான் பிரிஸ்ரெனுக்கு வந்து சேர்ந்தது.
பத்திரிகை நனைந்திருந்தது.
மிஃராஜ் இரவுக்கு மினாராவில் கட்டிய விளக்குகளை
இன்னும் யாரும் இறக்கவில்லை.

என் கடையில் முப்பத்தொரு கடிகாரங்கள்.
சிலவற்றுக்குச் சூரியன் விழும்போது பன்னிரண்டு.
மற்றவை புதிய அரசாங்கத்தின் நேரம்,
சூரியனைக் கேட்டு நடப்பதில்லை.
இரண்டுக்கும் நான்தான் சாவி கொடுக்கிறேன்.

கத்தீபு ருஸ்தெம், என் தங்கையின் கணவர்,
வந்தார், உட்கார்ந்தார்,
பத்திரிகையை விரித்தார், மடித்தார், மறுபடி விரித்தார்.
"ராத்திரியோடு ராத்திரியாக ரயிலேற்றிவிட்டார்களாம்,
கலீபாவை.
நாளைக்குக் குத்பாவில் யார் பெயரைச் சொல்வேன், நெஜிப்?"

ஸ்பிரிங் உடைந்தால் மாற்று ஸ்பிரிங் வைத்திருக்கிறேன்.
இதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

அந்தப் பெயர் உட்காரும் இடம் பழையது.
மதீனாவில் ஒரு பந்தலடியில்,
நபிகளின் உடல் இன்னும் அடக்கமாகாத நேரம்,
ஒரு கை நீண்டது, இன்னொரு கை அதைப் பற்றியது.
உடலருகே இருந்தவர்
பந்தலில் இல்லை.
அவ்வளவுதான் நடந்தது.
அதற்கு உரை எழுதித் தீர்ந்த மை எவ்வளவு,
மை தீர்ந்த பின் தொட்டு எழுதியது எதை,
கர்பலாவின் மணலைத்தான் கேட்க வேண்டும்.

பிறகு அந்தப் பெயர் ஊர் ஊராய்ப் போனது.
திமிஷ்கில் வெள்ளை உடுத்தது,
பக்தாதில் கறுப்பு.
கெய்ரோவில் ஒரு வெள்ளிக்கிழமை
ஒரு பெயர் இறங்கியது, வேறு பெயர் ஏறியது;
செருப்பைத் தேடிக்கூட எவரும் எழவில்லை என்பார்கள்.
மங்கோலியக் குதிரைகள் வந்துபோன பின்
மூன்று வருடம் பெயரே கிடையாது.
அப்போதும் வெள்ளிக்கிழமைகள் வந்தன.
இதை ருஸ்தெமிடம் சொன்னேன்.
"அந்த மூன்று வருடமும் மிம்பரில் நின்றவன் நீயில்லை" என்றார்.
நியாயம்தான்.

வெள்ளி.
மரவாளை ஊன்றிப் படியேறினார்.
புகழ், ஸலவாத்து,
நால்வரின் பெயர்கள் வரிசை மாறாமல்,
பேரப்பிள்ளைகள் இருவர்,
அடுத்து அந்த இடம்.

வாய் திறந்தது.
என் கை தானாக இடுப்புக் கடிகாரத்துக்குப் போனது.
ஒன்று.
பாலத்தடியில் ஆறு.
மூன்று.
தோல் பதனிடுபவன் மகன் தும்மினான்.
ஐந்து.
யாரோ அவசரப்பட்டு "ஆமீன்" என்று தொடங்கி
பாதியில் விழுங்கிக்கொண்டார்.
ஏழு.

"இறைவா, மலைப்பாதையில் இருப்பவர்களை
வீடு சேர்ப்பாயாக" என்றார் ருஸ்தெம்.
அப்புறம் நோயாளிகள், கடனாளிகள், மழை.
தொழுதோம்.

வாசலில் ஒருவர் அவரைக் கோழை என்றார்,
இன்னொருவர் கையை முத்தமிட்டார்.
போலீஸ்காரர் நோட்டைத் திறந்து
பென்சிலை நாக்கில் நனைத்தபடியே நின்றிருந்தார்.
சொல்லாமல் விட்டதை
எந்தப் பத்தியில் எழுதுவது?

ராத்திரி ஸெகியேயிடம் எல்லாம் சொன்னேன்.
அவள் பிறந்த வீடு தைக்காவை ஒட்டியது.
அங்கே முஹர்ரம் இரவில் பன்னிரண்டு மெழுகுவர்த்தி;
பன்னிரண்டாவதற்கு எதிரே
யாரும் உட்காரக் கூடாது.
கல்யாணமான புதிதில் தெரியாமல் நான் உட்கார்ந்து
மாமனாரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

காபிக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:
"ஏழு நொடிக்கா உங்கள் மச்சான் இப்படி வெளுத்துப்போனார்?
எங்கள் வீட்டில் அந்த இடம்
ஆயிரம் வருஷமாகக் காலி.
தினமும் தூசி தட்டுகிறோம்."

எனக்குக் கோபம் வந்தது. எதன் மேல் என்று தெரியவில்லை.
ருஸ்தெமுக்கும் இதைச் சொல்லவில்லை,
இன்றுவரை.

சனிக்கிழமை கடை திறந்தேன்.
அவர் மறந்துபோன பத்திரிகை ஸ்டூலின் மேல் காய்ந்திருந்தது.
அதில்தான்
பழுது பார்த்த ஒரு சுவர்க்கடிகாரத்தின் கண்ணாடியைச் சுற்றி
ஜாகோவா வியாபாரிக்கு அனுப்பினேன்.
எந்த நேரத்துக்கு வைத்து அனுப்பினேன் என்று
அவர் கேட்டு எழுதியிருக்கிறார்.